கன்னியம்மா பேச்சில் விடுபட்ட இடம்

மேடைக்குக் கீழே, வலது பக்கம், பேச்சாளரின் எச்சில் தெறிக்கிற தூரத்தில் ஒரு சின்ன மேஜை. முப்பத்திரண்டு வருஷம் அதுதான் என் ஆபீஸ். பொதுக்கூட்டத்தில் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு நீட்டி எழுதி, அரசாங்கத்துக்கு அனுப்புகிற வேலை. சம்பளம் போலீஸில். கையில் லத்திக்குப் பதில் பென்சில்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு டேப் ரிக்கார்டர் கொடுத்திருக்கிறார்களாம். சந்தோஷம். அது கொட்டாவி விடாது, வறுகடலை வாசனை வந்தால் திரும்பிப் பார்க்காது. ஆனால் கோர்ட்டில் கூண்டேறிச் சத்தியம் செய்யப் போவது நீங்கள்தான். அதனால் நான் செய்த ஒரு தப்பை உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெரிய தப்பு. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு வெட்கத்தைவிட மலைப்புதான் அதிகம் வருகிறது.

முதலில் நம் பிழைப்பில் உள்ள ஒரு வேடிக்கை. மேடையில் நம்மைப் பிடித்துத் திட்டுவார்கள். “கீழே உட்கார்ந்திருக்கிற உளவுத்துறை நண்பர் நன்றாக எழுதிக்கொள்ளட்டும்!” என்பார்கள். கூட்டம் கைதட்டும். கூட்டம் முடிந்ததும் அதே ஆள் சோடாவோடு நம்மிடம் வந்து, “சார், அந்த மூணாவது பாயின்ட் வந்துச்சா? கொஞ்சம் வேகமாப் பேசிட்டேன்” என்று கேட்பார். திட்டுகிறவருக்கும் நம் நோட்டில் ஓர் இடம் வேண்டும். மேலிடம் படிக்கும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர் அதிகம் பேச மாட்டார். வெற்றிலை வாயோடு முதல் நாள் இரண்டே விஷயம் சொன்னார். “காது பாட்டுக்குக் கேக்கட்டும். நீ கேக்காதே. கேட்டா கை நின்னுடும்.” இது ஒன்று. “எங்கியாவது உட்டுப்போச்சுன்னா அங்க ‘விடுபட்டது’ன்னு போடு. உன் வூட்லேருந்து ஒரு வார்த்தகூட எட்தாந்து அங்க சொருவாதே.” இது இரண்டாவது. இரண்டும் சுலபமாகத்தான் தெரிந்தன.

அறுபதுகளின் நடுவில், இந்தி எதிர்ப்பு சூடாக இருந்த சமயம். நான் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, உத்தியோகம் நிரந்தரமாகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் சந்தை மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூட்டம். அனுமதிக் கடிதத்தில், மொழிப் பிரச்சினையைப் பற்றி யாரும் ஆத்திரமூட்டும்படி பேசக் கூடாது என்று நிபந்தனை. மொழிப் பிரச்சினைக்காகத்தான் கூட்டமே. ஆத்திரத்தோடுதான் ஜனங்கள் வந்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை எழுதிய புண்ணியவானை நான் பார்த்ததில்லை.

மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் கொளுத்து என்றார்கள். இந்திப் புத்தகத்தைக் கொளுத்து, போர்டைக் கொளுத்து, மணியார்டர் பாரத்தைக் கொளுத்து. நான் வரி தவறாமல் எழுதினேன். கை தன்பாட்டில் ஓடியது.

நாலாவதாக ஒரு பெண்ணை மேடையேற்றினார்கள். ஒரகடத்துக்கு அந்தண்டை ஒரு கிராமம். கன்னியம்மா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். நாற்று நட்டுவிட்டு அப்படியே புறப்பட்டு வந்தவர் மாதிரி புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. “நாட்டுக்காகப் பிள்ளையைக் கொடுத்த வீரத்தாய் பேசுவார்” என்று அறிவித்தார்கள். மைக்கைப் பார்த்ததும் அந்த அம்மா ஒரு அடி பின்னால் போனார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் மேஜைக்குப் பின்னால் இருந்த என்னைத் தேடிப் பார்த்து, என்னை நோக்கித் திரும்பி நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்.

“எம் மவன் ஏழுமல பட்டாளத்துல இருந்தான். அங்கேர்ந்து ஒரு காயிதம் வந்துச்சு. சிங்கம் போட்ட சீலு. ரெண்டு பக்கம் நெறைய எழுத்து. எல்லாம் இந்தி. தபால்காரருக்குத் தெரியல. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத் தெரியல. கர்ணத்துக்குத் தெரியல. பதினோரு நாளு மடில வெச்சிக்கினு சுத்தனேன். நல்ல சேதியா கெட்ட சேதியான்னே தெரியாம கூழு குடிச்சிக்கினு, களையெடுத்துக்கினு கெடந்தேன்.”

இதுவரை என் நோட்டில் இருக்கிறது.

“தண்டலத்தாண்ட டீக்கடைல வடக்கத்தி லாரிக்காரரு ஒருத்தரு நின்னாரு. அவராண்ட நீட்டனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. வாய்க்குள்ளயே படிச்சிக்கினு வந்தாரு. பாதிலே நிறுத்தி என் மூஞ்சியப் பாத்தாரு. தலப்பாவக் கழட்டி கைல வெச்சிக்கினாரு. அப்டியே தரையில குந்தி என் கால ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினாரு. அதுக்கு மேல எனக்கு யாரும் படிச்சிக் காட்ட வாணாம்னு புரிஞ்சிபோச்சு.”

நான் பென்சிலை வைத்துவிட்டேன். எப்போது வைத்தேன் என்று தெரியாது. கடலை விற்கிறவன் சட்டியைத் தட்டுவதை நிறுத்தியிருந்தான். அந்த அம்மா அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. மேலும் நாலைந்து நிமிஷம் பேசினார். கைதட்டல்கூட இல்லாமல் இறங்கிப் போனார். பிறகுதான் நோட்டைப் பார்த்தேன். பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. லாரிக்காரருக்கு அப்புறம் அவர் என்ன பேசினார் என்பதைப் பிறகு சொல்கிறேன். நோட்டில் இல்லாததை அதன் முறை வரும்போதுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் நீட்டி எழுதிக் கொடுத்தேன். அந்த இடத்தில் ‘விடுபட்டது’ என்று போட்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுவிட்டார்.

“இன்னாய்யா இது, நடுவுல இவ்ளோ பெரிய ஓட்டை? மத்த மூணு பேரும் தலைமறைவாயிட்டானுங்க. கைல கெடச்சிருக்கறது இவ ஒருத்திதான். பட்டாளத்தான் ஆத்தா ஊர் ஊராப் போயிப் பேசினா என்னா ஆவும் தெரியுமா? ஜனம் ரோட்டுக்கு வந்துரும். பந்தோபஸ்துக்குப் போன கான்ஸ்டபிள் ரிப்போர்ட் தெளிவா கீது. கூட்டத்தப் பாத்து ‘கொளுத்துங்க’ன்னு சொன்னா. சொன்னாளா இல்லியா?”

“அந்த வார்த்தை சொன்னாங்க சார்.”

“அப்ப போடு.”

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த அம்மா அந்த வார்த்தையைச் சொன்னது உண்மை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னதும் உண்மை. கான்ஸ்டபிள் ஒரு எழுத்துகூடப் பொய் எழுதவில்லை. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்ததைச் சேர்த்துக் கேட்டவனுக்கு அதன் அர்த்தம் தலைகீழ். அந்த ஒற்றை வார்த்தையை மட்டும் என் வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் கன்னியம்மா ஜெயிலுக்குப் போவார். என் உத்தியோகம் நிரந்தரமாகும். வைக்காவிட்டால், வேலை நேரத்தில் பென்சிலைப் போட்டுவிட்டுக் கதை கேட்டவன் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி.

இன்னொரு ஆசையும் உள்ளே இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த அம்மா பேசியது முழுதும் எனக்கு ஞாபகம் இருந்தது. அப்படியே பக்கத்தில் எழுதிவிட்டால் அவர் தப்பித்துவிடுவார். நல்ல காரியம்தானே? இரண்டு ராத்திரி தூங்கவில்லை. சீனியரிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

“நோட்ல கீதா?”

“இல்லண்ணே.”

“பின்ன இன்னாத்துக்கு எங்கிட்ட வந்தே?”

அவ்வளவுதான். திரும்பக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபமான கோபம். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் புரிந்தது. இன்றைக்கு ஒரு நல்லவரைக் காப்பாற்ற நான் நோட்டை நிரப்பினால், நாளைக்கு ஒருவரை மாட்டிவிட இன்னொருவன் நிரப்புவான். இரண்டுக்கும் ஒரே பென்சில்தான். ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. “கோர்ட்டுல வந்து நீயே ஒளறு” என்று முடித்தார்.

மாஜிஸ்ட்ரேட் கோர்ட். கன்னியம்மாவுக்கு வக்கீல் இல்லை. தலைமறைவானவர்கள் ஒரு வக்கீலை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்களாம், வரவில்லை. நான் கூண்டில் ஏறி, எழுதியதைப் படித்தேன். லாரிக்காரர் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, “இங்கே விடுபட்டது” என்றேன்.

அரசு வக்கீல் நல்ல மனிதர். எனக்கு வழி காட்டினார். “மைக் கோளாறா?”

“இல்லை ஐயா.”

“கூட்டத்துல கூச்சல் இருந்ததா?”

“இல்லை ஐயா. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தேன்.”

கோர்ட்டில் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் மேற்கூரையைப் பார்த்தார். மாஜிஸ்ட்ரேட் மட்டும் சிரிக்காமல், “இந்தச் சாட்சியிடம் ஏதாவது கேட்கணுமாம்மா?” என்று கன்னியம்மாவைக் கேட்டார்.

தப்பித்தோம் என்று அந்த அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“இன்னா நைனா, நான் பேசனத நீ எழுதவே இல்லியா?”

நான் நோட்டின் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தேன்.

“கீழ ஒருத்தரு குந்திக்கினு எல்லாத்தையும் எழுதி கவுருமெண்டுக்கு அனுப்புவாருன்னு சொன்னாங்கோ. அதுக்குத்தான் நான் மேடை ஏறனதே. ஜனங்களாண்ட சொல்லி எனக்கு இன்னா ஆவும்? ஒனக்குத்தான் சொன்னேன். ஒன்னப் பாத்துத்தானே சொன்னேன்!”

எத்தனை பேரிடம் உளவாளி, காட்டிக்கொடுப்பவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது. ஊரே பயந்து முறைக்கிற அந்த மேஜையை, நியாயம் மேலே போகிற ஒரே வழி என்று ஒரு பெண் நம்பி வந்திருக்கிறார். நான் அதை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற என் மிதப்பெல்லாம் அந்த நிமிஷமே வடிந்துவிட்டது.

மாஜிஸ்ட்ரேட், “என்ன பேசினீங்கன்னு இப்பச் சொல்றீங்களா? சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சொன்னா அது உங்களுக்கே பாதகமாகலாம்” என்று எச்சரித்தார்.

“சொல்றேன் சாமி. அவர எழுதச் சொல்லு.”

மாஜிஸ்ட்ரேட் தலையசைத்தார். கூண்டிலேயே நின்றுகொண்டு நோட்டை எடுத்தேன். கன்னியம்மா, நான் பென்சில் எடுக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு வரியாக, என் கை நின்ற பிறகு அடுத்த வரி என்று, அன்றைக்குப் பேசியதை அப்படியே பேசினார்.

லாரிக்காரர் கதைக்குப் பிறகு அவர் சொன்னது இது. “கவுருமெண்டுக்கு ஒண்ணு கேக்கறேன். என் புள்ள பூட்ட சேதிய எனக்குப் புரியற பாசைல சொன்னா ஒனக்கு இன்னா கொறஞ்சிபூடும்? பேசனா புடிப்போம்றீங்கோ. பேசாட்டி எங்க வலி ஒங்களுக்கு எப்டித் தெரியும்?” பிறகு மேடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பியிருந்தார். “ஒங்களையும் ஒண்ணு கேக்கறேன். காஞ்சீவரத்துல ஒரு இந்தி வாத்தியாரு கீறாரு, படிச்சிக் காட்டுவாருன்னு சொன்னாங்கோ. போனேன். வூடு பூட்டியிருந்துச்சு. ஒங்காளுங்க கல்லு வுட்டதுல ஊர வுட்டே பூட்டாராம். அந்தாளு இன்னாய்யா பண்ணாரு? எழுதனவனும் எனக்குப் புரியாம எழுதிட்டான். படிக்கத் தெரிஞ்சவன நீங்க தொரத்திட்டீங்கோ. நான் யாராண்ட போவட்டும்?”

அதன் பிறகுதான் மடியிலிருந்து கடிதத்தை எடுத்துக் கூட்டத்துக்கு நேராக நீட்டியிருந்தார். “கொளுத்து கொளுத்துன்றீங்களே. இந்தாங்க, இதுவும் இந்திதான். கொளுத்துங்க. ஒருத்தனாவது வந்து கொளுத்துங்க பாக்கலாம்.” ஒருவரும் நகரவில்லை. கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே நின்றுவிட்டு, மடித்து வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மாஜிஸ்ட்ரேட் என்னைக் கேட்டார். “சரியா?”

“சரி ஐயா. வரிக்கு வரி.”

பேச்சுரிமை பற்றி நீளமாகப் பேசியவர்கள் ஆயிரம் பேரை எழுதியிருக்கிறேன். அரசாங்கம், அதை எதிர்ப்பவர்கள் என்று இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில், பத்து வரியில் கேள்வி கேட்டுவிட்டு, அதைத் தன் தலைக்கு மேல் வழக்கு இருக்கும்போது மறுபடியும் சொல்லி எழுதிக்கொள் என்று நின்ற ஒருவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இப்போதும் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

மாஜிஸ்ட்ரேட் அந்தக் கடிதத்தைக் கேட்டார். கன்னியம்மா எடுத்துக் கொடுத்தார். மாஜிஸ்ட்ரேட் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அரசு வக்கீலிடம் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோர்ட்டுச் சிரஸ்தார், குமாஸ்தா, கடைசியில் நான். சிங்க முத்திரை போட்ட காகிதத்தை, சிங்க முத்திரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

“மவன் பூட்டான்னு தெரியும் சாமி” என்றார் கன்னியம்மா. “பென்சன் பாரம் வந்தப்ப தாலுக்காபீசுல சொன்னாங்கோ. ஆனா ரெண்டு பக்கம் எழுதிக்கீதே, அதுல இன்னா கீதுன்னு இன்னிக்கி வரிக்கும் தெரியாது.”

மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார். அவர் அன்று செய்ததை நான் எத்தனையோ வக்கீல்களிடம் சொல்லியிருக்கிறேன். “வழக்கில் பேசப்படும் ஆவணம் இதுதான். எனவே சான்றாகக் குறிக்கப்படுகிறது. கோர்ட்டு மொழியில் இல்லாத ஆவணம். அரசுத் தரப்பு தன் செலவில் தமிழ் மொழிபெயர்ப்பு தாக்கல் செய்ய வேண்டும்” என்று உத்தரவு எழுதி, மூன்று வாரம் தள்ளிவைத்தார். யாரும் ஆட்சேபிக்க முடியாத சாதாரண விதி. அந்த விதி அப்படிப் பயன்படும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அந்த அம்மாவைச் சிறைக்கு அனுப்ப வந்த அரசாங்கமே அவருக்குக் கடிதம் படித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து மொழிபெயர்ப்பு வந்தது. என்னை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை; ஆனாலும் அன்று கோர்ட்டில் எனக்கு வேலை இல்லை. லீவு போட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். முதல் வேலையாக மாஜிஸ்ட்ரேட் வழக்கைத் தள்ளுபடி செய்தார். கன்னியம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “அதப் படிங்க சாமி” என்றார்.

சிரஸ்தார் எழுந்து நின்று படித்தார். பட்டாளத்துக் காகிதத்தில் எழுதியவன் அதிகாரி அல்ல, ஏழுமலையோடு ஒரே கூடாரத்தில் இருந்த சிப்பாய். பனியில் காவல் நின்றபோது குண்டு பட்டது என்று எழுதியிருந்தான். பிறகு இப்படி வந்தது:

“அம்மா, கடைசி ஒரு மணி நேரம் உங்கள் மகன் பேசிக்கொண்டே இருந்தார். அது அவருடைய மொழி. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. என்ன சொன்னார் என்று உங்களுக்கு எழுத என்னால் முடியவில்லை. என்னை மன்னிக்க வேண்டும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முடிவு வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் அவரிடம் கழற்றச் சொல்லவில்லை.

கன்னியம்மா சிரஸ்தாரைப் பார்த்து, “எம்மாந்நேரம்னு போட்டுக்கீது?” என்றார்.

“ஒரு மணி நேரம்மா.”

“ஒரு மணி நேரமும் அந்தப் புள்ள எழுந்து போவலியா?”

“போகலம்மா. முடிவு வரைக்கும்னு எழுதியிருக்கு.”

“ஒண்ணும் புரியாமயே கேட்டுக்கினு இருந்துகீதே!” என்றார் கன்னியம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, “அந்தப் புள்ளைக்கு ஒரு காயிதம் எழுதணும் நைனா. நான் சொல்றேன், நீ எழுது” என்றார்.

கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தோம். அவர் சொன்னார். நான் ஒரு வார்த்தைகூட விடாமல் எழுதினேன்.